விலை குறைந்த தேயிலையைக் கடலில் கொட்டியது ஏன்? அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய 12 ஆண்டுகள்

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். பிரிட்டன் வரியை ஏற்றியது, மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று காரணத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருப்போம். அந்தக் காரணத்தில்தான் சிக்கல். 1773-இல் வந்த தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவில்லை. ராத்தலுக்கு (ஏறக்குறைய அரை கிலோ) 3 பென்ஸ் என்று ஆறு ஆண்டுகளாக இருந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற செலவுகளைக் குறைத்தது. அதனால் அமெரிக்காவில் தேயிலை விலை இறங்கவிருந்தது. ஹாலந்திலிருந்து திருட்டுத்தனமாக வந்து இறங்கும் தேயிலையைவிடவும் மலிவாக விற்க முடியும் என்ற நிலை.

மலிவாக வரும் சரக்கை எதற்காகத் தண்ணீரில் கொட்ட வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அமெரிக்கப் புரட்சி எப்படி உருவானது என்பதில் பாதி புரிந்துவிடும். அதற்குப் பத்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

போர் முடிந்தது, கடன் நின்றது

வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் முதல் தெற்கே ஜார்ஜியா வரை, அட்லாண்டிக் கரையோரம் பிரிட்டனுக்கு 13 காலனிகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் லண்டன் அனுப்பிய ஆளுநர் ஒருவர் இருப்பார். கூடவே, உள்ளூரில் சொத்துள்ள ஆண்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சட்டமன்றமும் இருக்கும். வரி போடுவதும் செலவு செய்வதும் அந்தச் சட்டமன்றத்தின் வேலை. பல இடங்களில் ஆளுநரின் சம்பளமே அதன் கையில். லண்டன் நாடாளுமன்றம் கடல் வணிகத்துக்கு விதிகள் போடும். அந்த விதிகளில் பாதி காகிதத்தோடு நின்றுவிடும். மூன்று, நான்கு தலைமுறையாக இப்படியே பழகியிருந்தார்கள்.

1763-இல் பிரான்சுடனான ஏழாண்டுப் போர் முடிந்தது. கனடா பிரிட்டன் கைக்கு வந்தது. கூடவே, சுமார் 13 கோடி பவுண்டு கடனும் வந்தது. போருக்கு முன்பு இருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அரசின் வருவாயில் பெரும்பகுதி வட்டிக்கே போனது. போதாததற்கு, புதிதாகப் பிடித்த நிலத்தைக் காக்க அமெரிக்காவில் 10,000 படைவீரர்களை நிறுத்தவும் முடிவு செய்தார்கள். "உங்களைக் காக்கத்தானே இவ்வளவு செலவு, நீங்களும் கொஞ்சம் கொடுங்கள்" என்பது லண்டனின் வாதம். நியாயமில்லாத பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அன்று இங்கிலாந்தில் இருந்தவர் கட்டிய வரி, அமெரிக்காவில் இருந்தவர் கட்டியதைவிடப் பல மடங்கு அதிகம்.

அதே ஆண்டு இன்னொரு உரசல். போர் முடிந்ததும் அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே நிலம் பிடிக்கலாம் என்று காலனி மக்கள் காத்திருந்தார்கள். அங்கே ஏற்கெனவே வாழ்ந்துவந்த பூர்வகுடிகள் போன்டியாக் என்ற தலைவரின் பெயரால் அறியப்படும் எழுச்சியில் இறங்கி, பிரிட்டிஷ் கோட்டைகளைத் தாக்கினார்கள். இன்னொரு போருக்குப் பணமில்லாத அரசர் மூன்றாம் ஜார்ஜ், மலைத் தொடருக்கு அப்பால் யாரும் குடியேறக் கூடாது என்று அறிவித்தார். நிலத்தில் பணம் போட்டிருந்தவர்களுக்கு இது பேரிடி. ஜார்ஜ் வாஷிங்டனும் அவர்களில் ஒருவர். புரட்சியின் கதையைச் சொல்பவர்கள் சுதந்திர தாகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த நிலத் தாகத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் எதிர்ப்பும் வரிக் குறைப்புக்குத்தான்

1764-இல் சர்க்கரைச் சட்டம் வந்தது. ரம் காய்ச்சுவதற்காக பிரிட்டன் கையில் இல்லாத மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வரும் வெல்லப்பாகுக்கு அதுவரை கேலனுக்கு 6 பென்ஸ் வரி. புதிய சட்டம் அதை 3 பென்ஸ் ஆக்கியது. பாதியாகக் குறைந்ததற்கு எதிர்ப்பா? ஆம். ஏனென்றால் பழைய 6 பென்ஸை அநேகமாக யாரும் கட்டியதில்லை. சுங்க அதிகாரிக்குச் சில்லறை கொடுத்துச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது 3 பென்ஸை நிஜமாகவே வசூலிக்கக் கடற்படைக் கப்பல்கள் வந்தன. பிடிபட்டால் வழக்கு கடற்துறை நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே ஜூரி கிடையாது. உள்ளூர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து "போகட்டும், நம்ம ஆள்" என்று விடுவிக்கும் வழி அடைபட்டது.

அடுத்த ஆண்டு வந்த முத்திரைச் சட்டம் கடைக்கோடி வரை தொட்டது. நிலப் பத்திரம், உயில், கப்பல் ஆவணம், மதுக்கடை உரிமம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு எல்லாமே அரசு முத்திரை குத்திய தாளில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1694 முதலே இப்படியொரு வரி இருந்ததால், பிரதமர் ஜார்ஜ் கிரென்வில்லுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. அவர் கவனிக்காதது ஒன்று. இந்த வரி யார் தலையில் விழுகிறது? வக்கீல்கள், அச்சகக்காரர்கள், வணிகர்கள், மதுக்கடை நடத்துபவர்கள். ஒருவருக்கு வாதாடத் தெரியும், ஒருவரிடம் அச்சு இயந்திரம் இருக்கிறது, ஒருவரிடம் பணம் இருக்கிறது, ஒருவருடைய கடையில் ஊரே மாலையில் கூடுகிறது. பகைத்துக்கொள்ளக் கூடாத நான்கு கூட்டத்தை ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்டார்.

1765 ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் ஓர் எல்ம் மரத்தில் கொடும்பாவி தொங்கியது. முத்திரைத்தாள் விற்கும் பொறுப்பை ஏற்கவிருந்த ஆண்ட்ரூ ஆலிவரின் உருவம் அது. மாலையில் அவருடைய கட்டடத்தை இடித்தார்கள், வீட்டையும் சூறையாடினார்கள். மறுநாளே ஆலிவர் பொறுப்பிலிருந்து விலகுவதாக வாக்களித்தார். அந்த மரத்துக்கு 'விடுதலை மரம்' என்று பெயர் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்துக் கூட்டம் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் மாளிகைக்குள் புகுந்து, சுவர் மட்டும் மிச்சம் என்ற அளவுக்கு நாசம் செய்தது. போராட்டத் தலைவர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் செய்தி மற்ற காலனிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வர வேண்டிய நவம்பர் 1-ஆம் தேதி வந்தபோது, முத்திரைத்தாள் விற்க ஆளே இல்லை.

"எங்களுக்கு அங்கே பிரதிநிதி இல்லை"

பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கம் இந்தக் கட்டத்தில்தான் பரவியது. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

லண்டன் தரப்பின் பதில் இது: மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் கிடையாது. அவர்கள் வரி கட்டவில்லையா? ஒவ்வோர் உறுப்பினரும் பேரரசின் எல்லா மக்களுக்கும் சேர்த்தே பிரதிநிதி. அப்படியானால் நீங்களும் அங்கே இருப்பதாகத்தான் பொருள்.

உங்கள் தெருவுக்கு வார்டு உறுப்பினர் கிடையாது, பக்கத்து வார்டுக்காரர் உங்களுக்கும் சேர்த்து யோசிப்பார் என்று நகராட்சி சொன்னால் எப்படி இருக்கும்? அதற்கும் மேலே ஒன்று உண்டு. பக்கத்து வார்டுக்காரர் உங்கள் தெருவுக்குப் போடும் வரியால் அவருடைய தெருவின் வரி குறையும் என்றால்? காலனிகளின் வாதம் கூர்மையானது இங்கேதான். மான்செஸ்டருக்கு ஒரு வரி போட்டால் அதைப் போடும் உறுப்பினரும் சேர்ந்து கட்டுவார். அமெரிக்காவுக்குப் போட்டால் அவருக்குச் சுமை குறையும்.

சரி, நாடாளுமன்றத்தில் நாலு இடம் கொடுத்திருந்தால் சமாதானம் ஆகியிருப்பார்களா? மாட்டார்கள். 1765 அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி இதைத் தெளிவாகவே எழுதிவைத்தார்கள்: எங்களுக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் இல்லை, இருக்கும் தூரத்துக்கு இருக்கவும் முடியாது. அவர்கள் இடம் கேட்கவில்லை. எங்கள் சட்டமன்றம் மட்டுமே எங்களுக்கு வரி போடலாம் என்றார்கள்.

கடைசியில் வாதத்தைவிட வியாபாரம்தான் வேலை செய்தது. பிரிட்டிஷ் சரக்கு வாங்க மாட்டோம் என்று நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன் வணிகர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அடி இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் மேல் விழுந்தது. அவர்களே சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். 1766 மார்ச் 18 அன்று முத்திரைச் சட்டம் போனது. அமெரிக்க நகரங்களில் வாணவேடிக்கை. அந்தக் கொண்டாட்டத்தில், அதே நாளில் நிறைவேறிய இன்னொரு சட்டத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. காலனிகளை எல்லா விஷயங்களிலும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அது அறிவித்தது. வரியை விட்டார்கள், வரி போடும் உரிமையை விடவில்லை. அடுத்த பத்தாண்டில் நடந்த அத்தனையும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் நடந்தது.

கண்ணாடி, காகிதம், ராட்டை

1767-இல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட், கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி போட்டார். இதில் விஷமம் வரியைவிட, வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பதில் இருந்தது. ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் இனி அந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கலாம். சட்டமன்றம் கையில் பிடித்திருந்த ஒரே கடிவாளம் அதோடு போய்விடும்.

மறுபடியும் புறக்கணிப்பு. இந்த முறை அது வணிகர்களின் கையெழுத்தோடு நிற்காமல் வீட்டுக்குள் வந்தது. இங்கிலாந்துத் துணி வாங்குவதில்லை என்றால் வீட்டிலேயே நூல் நூற்க வேண்டும். பெண்கள் பொது இடங்களில் ராட்டைகளோடு கூடி நூற்றார்கள், செய்தித்தாள்கள் அதை எழுதின. ஓட்டுரிமை இல்லாத பெண்களுக்கு, எதை வாங்குவது, எதை விடுவது என்பதே அரசியலானது. சுதேசி இயக்கக் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. நம்மூருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே நடந்தது என்பதுதான் வியப்பு.

சுங்க அதிகாரிகள் பாஸ்டனில் தெருவில் நடக்க முடியாமல் போகவே, 1768 அக்டோபரில் படை இறங்கியது. சுமார் 16,000 பேர் வாழும் ஊருக்கு ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள். சம்பளம் போதாத சிப்பாய்கள் ஓய்வு நேரத்தில் கயிற்றுப் பட்டறைகளில் குறைந்த கூலிக்கு வேலை தேடியதால், உள்ளூர்த் தொழிலாளர்களோடும் மோதல். 1770 மார்ச் 5 இரவு, சுங்க அலுவலக வாசலில் நின்ற காவலாளியைச் சிலர் பனிக்கட்டிகளால் அடிக்க, துணைக்கு வந்த சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளி கொண்ட மாலுமி.

வெள்ளித் தட்டான் பால் ரெவியர் விற்ற அச்சுப்படத்தில் சிப்பாய்கள் வரிசையாக நின்று, தளபதியின் கையசைவுக்குச் சுடுகிறார்கள். நடந்தது அப்படியல்ல, கலவரக் குழப்பம். சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர். தளபதி பிரஸ்டனும் ஆறு சிப்பாய்களும் விடுதலை ஆனார்கள். இருவருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். ஆனால் ஊர் நினைவில் தங்கியது தீர்ப்பு அல்ல, ரெவியரின் படம்.

விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும், அதே மார்ச் 5 அன்று லண்டனில் பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் வரிகளை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கடல் தாண்டிச் செய்தி போக வாரக்கணக்கில் ஆகும் காலம். இங்கே பிணம் விழுந்தது அங்கே தெரியாது, அங்கே இறங்கி வந்தது இங்கே தெரியாது. நீக்கியதிலும் ஒரு கொக்கி: தேயிலை வரி மட்டும் நிற்கட்டும் என்றார்கள். முந்தைய ஆண்டு அமைச்சரவையில் 5-க்கு 4 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் எடுத்த முடிவு அது. பணத்துக்காக அல்ல, உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டுவதற்காக.

கம்பெனியின் கிடங்கும் பாஸ்டனின் கடலும்

மூன்று ஆண்டுகள் பெரிய மோதல் இல்லை. தேயிலையைக் கள்ளக்கடத்தலில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1772-இல் சாமுவேல் ஆடம்ஸ் முயற்சியால் பாஸ்டனில் ஒரு கடிதக் கமிட்டி தொடங்கி, மாசசூசெட்ஸ் ஊர்களெல்லாம் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும் வழக்கம் வந்தது. பார்த்தால் தபால் வேலைதான். பின்னால் அதன் அருமை தெரிந்தது.

நெருப்புப் பொறி இந்தியப் பக்கத்திலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி, அதாவது நம் சென்னையில் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனி, நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. 1769-இல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை படையோடு வந்து ஒப்பந்தம் எழுதி வாங்கியபோது லண்டனில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அடுத்து வங்காளத்தில் கொடும் பஞ்சம். 1772-இல் ஐரோப்பாவில் கடன் நெருக்கடி. அப்போது கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் விற்காமல் கிடந்த தேயிலை ஏறக்குறைய 1.7 கோடி ராத்தல். அவ்வளவும் சீனத் தேயிலை. அசாமில் தேயிலைத் தோட்டம் வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

கம்பெனியைக் காப்பாற்ற நாடாளுமன்றம் 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, கூடவே தேயிலைச் சட்டமும். அதுவரை தேயிலை லண்டனில் ஏலம் போய், கை மாறி, அமெரிக்க வணிகரிடம் வரும். இனி கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பலாம், தானே பொறுக்கியெடுத்த முகவர்களிடம் கொடுத்து விற்கலாம். விலை குறையும். பாஸ்டன் முகவர்களில் இருவர், அப்போது ஆளுநராகிவிட்ட ஹட்சின்சனின் மகன்கள். ஹட்சின்சனின் சம்பளமும் தேயிலை வரியிலிருந்தே வந்தது.

கடத்தல்காரருக்குத் தொழில் போகும். நேர்மையான வணிகருக்கும் கம்பெனியின் ஏகபோகத்தால் தொழில் போகும். இவை உண்மையான காரணங்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாதாரணக் குடும்பங்கள் ஏன் சேர்ந்தன? மலிவுத் தேயிலையை ஒரு முறை வாங்கிவிட்டால் 3 பென்ஸ் வரியை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இன்று தேயிலை, நாளை வேறொன்று. விலைக் குறைப்பை அவர்கள் தூண்டில் புழுவாகத்தான் பார்த்தார்கள்.

நவம்பர் 28 அன்று டார்ட்மத் என்ற கப்பல் பாஸ்டன் வந்தது. சட்டப்படி 20 நாளுக்குள் வரி கட்ட வேண்டும், இல்லையென்றால் சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றும். கைப்பற்றினால் எப்படியும் விற்பனைக்கு வந்துவிடும். கப்பலைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஊர் கேட்டது. பிலடெல்பியாவில் பின்னர் அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். வரி கட்டாமல் போக விடமாட்டேன் என்று ஹட்சின்சன் பிடிவாதமாக நின்றார். கெடுவுக்கு முந்தைய நாள் டிசம்பர் 16. ஓல்டு சவுத் கூட்டமண்டபத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆளுநர் மறுத்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் ஒரு கூட்டம் கிரிஃபின் துறைக்கு நடந்தது. மோஹாக் பூர்வகுடிகளைப் போல முகத்தில் கரி பூசிக்கொண்ட ஆட்கள் மூன்று கப்பல்களில் ஏறி, சில மணி நேரத்தில் 90,000 ராத்தலுக்கு மேல் தேயிலையைக் கொட்டினார்கள். கம்பெனிக்கு 9,659 பவுண்டு நட்டம். தேயிலை தவிர வேறெதையும் தொடவில்லை என்பதில் அவர்களுக்குப் பெருமை.

எல்லோரும் கைதட்டவில்லை. தனியார் சொத்தை அழித்தது தவறு, நட்டஈடு கொடுங்கள் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதினார். வாஷிங்டனுக்கும் உடன்பாடில்லை. லண்டன் நிதானமாக நடந்திருந்தால் பாஸ்டன் தனித்துப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆட்சி கை மாறிய இடம்

லண்டன் நிதானமாக நடக்கவில்லை. 1774-இல் அடுத்தடுத்துத் தண்டனைச் சட்டங்கள். நட்டஈடு கட்டும் வரை பாஸ்டன் துறைமுகம் மூடல். மாசசூசெட்ஸின் மேலவையை இனி சட்டமன்றம் தேர்ந்தெடுக்காது, அரசர் நியமிப்பார். ஆளுநர் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விசாரிக்கலாம். தேயிலை கொட்டியதைக் கண்டித்தவர்கள்கூட இதைப் பார்த்து மிரண்டார்கள். ஒரு காலனியின் சாசனத்தையே கிழிக்க முடியும் என்றால் யாருடையதுதான் பாதுகாப்பு? தென் கரோலினாவிலிருந்து அரிசி, கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் என்று பாஸ்டனுக்கு உதவி வந்தது.

செப்டம்பரில் ஜார்ஜியா தவிர 12 காலனிகளின் 56 பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். முழுப் புறக்கணிப்பு என்று முடிவானது. அதை நடத்த ஒவ்வோர் ஊரிலும் கமிட்டி தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இந்தக் கமிட்டிகள் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டின, மீறியவர்களின் பெயரைச் செய்தித்தாளில் போட்டன. அச்சுறுத்தலும் இருந்தது. அரசர் பக்கம் பேசியவர்களுக்கு உடம்பில் தார் பூசி இறகு ஒட்டும் கொடுமையும் நடந்தது. விடுதலை பேசியவர்கள் மாற்றுக் கருத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே.

செப்டம்பர் 6 அன்று மாசசூசெட்ஸின் வூஸ்டர் ஊரில் நடந்ததை நான் புரட்சியின் உண்மையான தொடக்கம் என்பேன். அரசர் நியமித்த நீதிபதிகள் நீதிமன்றம் திறக்க வந்தார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து 4,600-க்கும் மேற்பட்டோர் தெருவின் இருபுறமும் வரிசையாக நின்றார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடுவில் நடந்து, புதிய சட்டத்தின்படி வேலை செய்ய மாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் பாஸ்டனுக்கு வெளியே மாசசூசெட்ஸில் பிரிட்டிஷ் ஆட்சி என்று ஒன்று இல்லாமல் போனது.

இந்த உரிமைப் பேச்சை இன்னொரு கூட்டமும் கேட்டுக்கொண்டிருந்தது. காலனிகளில் சுமார் ஐந்து லட்சம் கறுப்பின மக்கள், பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தார்கள். 1773-இலேயே மாசசூசெட்ஸ் அடிமைகள் தங்களுக்கும் விடுதலை வேண்டும் என்று ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் மனு எழுதினார்கள். விடை கிடைக்கவில்லை. 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் அரசர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தபோது, நூற்றுக்கணக்கானோர் அவர் பக்கம் ஓடினார்கள். சுதந்திரம் எந்தக் கொடியின் கீழ் இருக்கிறது என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

1775 ஏப்ரலுக்குப் பிறகும் ஒரு மனு

கான்கார்டு என்ற ஊரில் வெடிமருந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று தகவல் கிடைத்து, தளபதி தாமஸ் கேஜ் சுமார் 700 சிப்பாய்களை இரவோடு இரவாக அனுப்பினார். 1775 ஏப்ரல் 19 விடியற்காலை, வழியில் லெக்சிங்டன் பசும்புல் திடலில் ஊர்ப் படையினர் நின்றிருந்தார்கள். முதல் குண்டு யாருடையது என்பது இன்றுவரை முடிவாகாத வழக்கு. எட்டு ஊர்க்காரர்கள் இறந்தார்கள். திரும்பும் வழியில் வேலிகளுக்கும் மரங்களுக்கும் பின்னாலிருந்து சுட்டதில் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர்.

இதற்குப் பிறகும் தனி நாடு என்ற பேச்சு பெரும்பாலோருக்குக் கசந்தது. ஜூலையில் பிலடெல்பியா மாநாடு அரசருக்குச் சமாதான மனு அனுப்பியது. கெட்டவர்கள் அமைச்சர்கள்தான், அரசர் நல்லவர் என்ற நம்பிக்கை. மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. ஆகஸ்ட் 23 அன்று காலனிகள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். 1776 ஜனவரியில், இங்கிலாந்திலிருந்து வந்து பதினான்கு மாதமே ஆகியிருந்த தாமஸ் பெயின் ஒரு சிறு நூலில், அரசர் என்று ஒருவர் எதற்கு என்று எளிய நடையில் கேட்டார். அதுவரை வாயில் வராத கேள்வி அது. ஆறு மாதத்தில், ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது.

அந்தப் பிரகடனத்தைத் தேடி ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள். அரசர் மேல் 27 குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. சட்டமன்றங்களைக் கலைத்தது, நீதிபதிகளைக் கைக்குள் வைத்தது, சாசனங்களைப் பறித்தது என்று பட்டியல் நீளும். சம்மதமின்றி வரி போட்டது பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு, அதுவும் 17-ஆவது இடத்தில்.